பேய் இருக்கா, இல்லையா? ‘தி இன்னொசென்ட்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் திரைப்படச் சங்கத்தில் ‘தி இன்னொசென்ட்ஸ்’ திரையிட்டால் அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழு தூங்காது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து மாளவில்லை, அதனால் இங்கே மொத்தமாகத் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். முதல் எட்டுக் கேள்விகள்வரை முடிவு வெளியே வராது. ஒன்பதிலிருந்து எல்லாவற்றையும் உடைத்துப் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் எட்டோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

1. இது என்ன படம் சார்? சுருக்கமா கதை சொல்லுங்க.

1961-ல் வந்த பிரிட்டிஷ் படம். கறுப்பு வெள்ளை, ஒரு மணி நாற்பது நிமிடம். ஜாக் கிளேட்டன் தயாரித்து இயக்கியது. கதாநாயகி டெபோரா கெர்.

கதை நடப்பது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். மிஸ் கிடன்ஸ் ஒரு பாதிரியாரின் மகள், வெளியுலகம் அதிகம் தெரியாதவள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு பாடமும் சொல்லித்தரும் கவர்னஸ் வேலைக்கு முதல்முறையாகப் போகிறாள். ப்ளை என்கிற கிராமத்து மாளிகையில் தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகள்: ஃப்ளோரா, அவள் அண்ணன் மைல்ஸ். லண்டனில் சொகுசாக இருக்கும் சித்தப்பா போடும் ஒரே நிபந்தனை, எந்தத் தொந்தரவும் தன்னிடம் வரக்கூடாது என்பதுதான். வீட்டு நிர்வாகம் மிஸஸ் குரோஸ் கையில். போன கொஞ்ச நாளில் மிஸ் கிடன்ஸின் கண்ணுக்கு இரண்டு பேர் தெரிய ஆரம்பிக்கிறார்கள். விசாரித்தால் இரண்டு பேருமே செத்துப்போனவர்கள். ஒருவன் அங்கே வேலை பார்த்த பீட்டர் குவின்ட், இன்னொருத்தி இவளுக்கு முன்னால் கவர்னஸாக இருந்த மிஸ் ஜெஸல். அவர்கள் குழந்தைகளைப் பிடித்திருக்கிறார்கள் என்று இவள் முடிவு கட்டுகிறாள்.

2. பேய்ப் படம்னீங்க. திடுக்குனு ஒண்ணுமே வரலையே?

வராது. திடீரென்று ஒரு முகம் பாய்ந்து வந்து கத்தும் வகைப் படம் இல்லை இது. இந்தப் படத்துப் பேய்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும், அவ்வளவுதான்.

ஏரிக்கரைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகல். ஃப்ளோரா மண்டபத்தில் ஒரு மெட்டை முணுமுணுத்தபடி இருக்கிறாள். மிஸ் கிடன்ஸ் நிமிர்கிறாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் கிட்டே வரவில்லை, கையை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் யாரோ நின்று நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றினால் ஒரு கூச்சம் வருமே, அதுதான் இங்கே பயம். போனில் சமையல் பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் இதெல்லாம் ஏறாது. விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் பாருங்கள். ஒலியில்தான் பாதிப் படம் இருக்கிறது.

3. இது நாவலா, நாடகமா? ரெண்டு மாதிரியும் சொல்றாங்களே.

இரண்டும்தான். மூலம் ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ என்ற குறுநாவல். அதை வில்லியம் ஆர்ச்சிபால்ட் 1950-ல் பிராட்வேயில் ‘தி இன்னொசென்ட்ஸ்’ என்ற பெயரில் நாடகமாக்கினார். படத்துக்குப் பெயர் நாடகத்திலிருந்து வந்தது.

ஜேம்ஸுக்குக் கதை கிடைத்த விதம் தனிக்கதை. 1895 ஜனவரியில் அவருடைய நாடகம் ஒன்று லண்டன் மேடையில் படுதோல்வி அடைந்து, நொந்துபோயிருந்த நேரம். கேன்டர்பரி பேராயர் எட்வர்ட் பென்சன் வீட்டுக்குப் போயிருந்தார். பேராயர் தான் காதில் வாங்கிய ஒரு துண்டுக் கதையைச் சொன்னார்: ஒரு பழைய வீட்டில் வேலைக்காரர்கள் பொறுப்பில் விடப்பட்ட குழந்தைகள், செத்த பிறகும் அந்தக் குழந்தைகளைத் தேடி வரும் அதே வேலைக்காரர்கள். ஜேம்ஸ் அதை நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்துக் கதையாக்கினார். இந்த மாதிரிக் கதை ஒரு பேராயர் வாயிலிருந்து வந்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

4. திரைக்கதை ட்ரூமன் கபோட்டின்னு டைட்டில்ல வருது. ‘இன் கோல்ட் பிளட்’ எழுதினவரா?

அவரேதான். அந்தப் புத்தக வேலைக்கு நடுவில் எழுந்து வந்து எழுதியது இது. கிளேட்டனுக்கு அவரை முன்பே தெரியும். 1953-ல் ‘பீட் தி டெவில்’ படத்துக்குக் கபோட்டி எழுதியபோது கிளேட்டன் அதன் தயாரிப்பில் இருந்தார்.

முதலில் எழுதியவர் ஆர்ச்சிபால்ட். அவருடைய நாடகத்தில் பேய்கள் சந்தேகத்துக்கு இடமில்லாத பேய்கள், திரைக்கதையும் அதே வழியில் போனது. கிளேட்டனுக்கு அது வேண்டாம். பேயா, இவள் மனசா என்று கடைசிவரை தெரியக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அதற்காகத்தான் கபோட்டியைக் கூப்பிட்டார். படத்தில் அழுகல் வாடை வீசும் இடங்களெல்லாம் கபோட்டியின் கை என்று சொல்வார்கள்: தொட்டதும் உதிரும் ரோஜா இதழ்கள், குழந்தைச் சிலையின் வாயிலிருந்து ஊர்ந்து வெளியே வரும் வண்டு. அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரர் அல்லவா, செழிப்புக்குள் மக்குவதைக் காட்டுவதில் கெட்டிக்காரர்.

மூன்றாவதாக ஜான் மார்ட்டிமர் வந்து சில காட்சிகளையும் வசனங்களையும் சேர்த்து, பேச்சை விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்குப் பொருத்தினார்.

5. எனக்குக் கிடைச்ச பிரின்ட்ல தொடக்கத்துல திரை கறுப்பாவே இருக்கு, பாட்டு மட்டும் கேக்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாப் பிரின்ட்டிலும் அப்படித்தான். ஸ்டூடியோவின் சின்னம் வருவதற்கும் முன்னாலேயே, வெறும் இருட்டில், ஒரு பெண்குரல் துணை இசை எதுவுமில்லாமல் பாடுகிறது. பிறகுதான் ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் சின்னம். அதன்பின் எழுத்துகள் ஓடும்போது திரையில் ஒரு பக்கம் இரண்டு கைகள் பிரார்த்தனையில் நெரிந்துகொண்டிருக்கும். விசும்பல் கேட்கும், பறவைச் சத்தம் கேட்கும். அந்தக் கைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 17-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

எங்கள் திரையிடலில் இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் எழுந்து புரொஜெக்டரைப் பார்க்கப் போவார். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

6. அந்தப் பாட்டு பழைய நாட்டுப்புறப் பாட்டா?

கேட்டால் அப்படித்தான் இருக்கும், ஆனால் படத்துக்காகவே செய்தது. மெட்டு ஜார்ஜ் ஓரிக், பிரெஞ்சு இசையமைப்பாளர். வரிகள் பால் டென். பாடியவர் ஐலா கேமரன். நாட்டுப்புறப் பாடகி என்பதால் அந்தப் பழமை குரலிலேயே வந்துவிட்டது. படத்தில் வேலைக்காரப் பெண் ஆனாவாகவும் அவரே நடித்திருக்கிறார். ஃப்ளோரா முணுமுணுப்பது, இசைப்பெட்டி வாசிப்பது எல்லாம் இதே மெட்டு.

பேய் வரும் இடங்களில் காதுக்குள் ரீங்கரிக்கும் ஒரு மின்னணு ஒலி இருக்கிறதே, அது டாஃப்னி ஓரம் செய்தது. பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது.

7. 1961-ல கலர் வந்துடுச்சே, ஏன் கறுப்பு வெள்ளை?

கிளேட்டனின் விருப்பம் அது. அவருக்குப் பிடிக்காமல் தலையில் விழுந்தது சினிமாஸ்கோப். ஃபாக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அகலத்திரை முறை. அவர்கள் படம் என்றால் அதில் எடுத்தாக வேண்டும். பாலைவனத்துக்கும் போர்க்களத்துக்கும் பொருத்தமான அகலத்தில், ஒரு பெண் மூடிய வீட்டுக்குள் மூச்சுத்திணறுவதை எப்படிக் காட்டுவது?

இதைத் தீர்த்தவர் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ். 1960-ல் வந்த இன்னொரு கறுப்பு வெள்ளை ஸ்கோப் படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். லென்ஸுக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் கையால் கறுப்புத் தீட்டினார். நடுவில் மட்டும் வெளிச்சம், இரு பக்கமும் இருட்டு கசிந்து வரும். டெபோரா கெர் மெழுகுவர்த்திக் கொத்தைத் தூக்கிக்கொண்டு ராத்திரி தாழ்வாரங்களில் நடக்கும்போது பாருங்கள். திரை அகலமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. கண் தானாக ஓரத்துக்கே போகிறது. பிடிக்காத அகலத்தையே பயமாக மாற்றிவிட்டார்கள்.

அந்த மெழுகுவர்த்திகள்கூடச் சாதாரணமானவை அல்ல, வெளிச்சம் கூடுதலாக வர நாலைந்து திரிகளை முறுக்கிச் செய்யவைத்தவை. இன்னொன்று: முன்னால் இருக்கும் முகமும் பின்னால் தூரத்தில் இருக்கும் கதவும் ஒரே சமயத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று லென்ஸின் துளையை மிகச் சிறிதாக வைத்துக்கொண்டார். அதற்கு ஏகப்பட்ட விளக்கு வேண்டும். திரையில் கும்மிருட்டாகத் தெரியும் காட்சிக்கு செட்டில் கண் கூசும் வெளிச்சம். ஷாட்டுக்கு ஷாட் இடைவேளையில் டெபோரா கெர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வாராம்.

8. அந்த வீடு நிஜமாவே இருக்கா?

வெளிப்புறமும் தோட்டமும் ஏரியும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஷெஃபீல்ட் பார்க். தோட்டம் நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் போட்ட செட்.

9. சுத்தி வளைக்காம சொல்லுங்கண்ணே. பேய் இருக்கா, இல்லையா?

(இங்கிருந்து முடிவு உட்பட எல்லாம் வரும்.)

இரண்டு கட்சி இருக்கிறது. முதல் கட்சி: பேய் உண்டு, கிடன்ஸ் குழந்தைகளைக் காப்பாற்றப் போராடுகிறாள். இரண்டாவது கட்சி: பேய் இல்லை, அடக்கி வளர்க்கப்பட்ட பெண், ஒரே சந்திப்பில் அந்தச் சித்தப்பாவிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டு, அந்தத் தவிப்பைக் குவின்டாகவும் ஜெஸலாகவும் பார்க்கிறாள். புத்தகத்துக்கு இந்த இரண்டாவது வாசிப்பை அழுத்தமாக முன்வைத்தவர் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், 1934-ல். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை.

படம் இரண்டு கட்சிக்கும் சரிசமமாகச் சாட்சி வைக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்திருக்கும் முறையே கிடன்ஸைச் சந்தேகிக்கச் சொல்கிறது. படத்தில் சித்தப்பா அவளிடம் கேட்கும் முக்கியமான கேள்வியே ‘உனக்குக் கற்பனை உண்டா’ என்பதுதான். உண்டு என்கிறாள். பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசை: முதலில் அவள் முகம் மாறுகிறது, அதற்கப்புறம்தான் அவள் பார்ப்பதைக் காமிரா நமக்குக் காட்டுகிறது. நாம் பேயைப் பார்ப்பதில்லை, அவள் பார்க்கும் பேயைப் பார்க்கிறோம். மிஸஸ் குரோஸ் ஒரு தடவைகூட எதையும் பார்க்கவில்லை. குழந்தைகள் பார்த்ததாக ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று அடுத்த கேள்வியில், இன்னொன்று கடைசியில்.

10. பேய் இல்லைன்னா அந்த மேசைமேல கண்ணீர் எப்படி வந்துச்சு?

எல்லாரும் மடக்க நினைக்கும் இடம் இது, மடக்கவும் மடக்குகிறது. பாட அறைக்குள் விசும்பல் கேட்கிறது. கிடன்ஸ் நுழைகிறாள். ஆசிரியை மேசையில் ஜெஸல் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அடுத்த கணம் இல்லை. கிடன்ஸ் மெதுவாக மேசையருகே போகிறாள், கை நீட்டுகிறாள். அங்கே ஒரு துளி ஈரம். காமிரா கிட்டே போய் அதைக் காட்டுகிறது. விமர்சகர் பாலின் கேல் கொண்டாடிய இடம் இது. இத்தனை பெரிய மாளிகை, இத்தனை சிலை, இத்தனை நிழல் எல்லாவற்றையும்விட இந்தப் பொட்டு ஈரம் உடம்பைச் சிலிர்க்கவைக்கிறது.

அவள் மனப்பிரமை என்பவர்கள், ஈரத்தைத் தொட்டதும் அவள் மட்டும்தானே என்பார்கள். அவளே அழுதிருக்கலாம் என்றும் சொல்வார்கள். சமாளிப்புதான். 9-ஆம் பதிலில் சொன்னேனே, கிளேட்டன் நம்மை ஏறக்குறைய எந்நேரமும் கிடன்ஸின் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று. இந்த ஈரமும் அந்தக் கண் வழியாக வந்ததுதான் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஒருவழியாக நேராகும். பேயிடம் அவளுக்கு முதன்முதலாக இரக்கம் வரும் இடமும் இதுதான் என்பதைக் கவனியுங்கள்.

11. புத்தகத்துல அவ குவின்ட்டை முன்னபின்ன பார்த்ததே இல்ல, ஆனா அங்க அடையாளம் அத்தனையும் சரியா சொல்றா. அதுவே பேய் இருக்குங்கறதுக்கு சாட்சி இல்லையா?

புத்தகத்தில் பெரிய சாட்சிதான். பேய்க் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். படம் அந்தச் சாட்சியைச் சத்தமில்லாமல் உருவிவிட்டது.

படத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் கோபுரத்து உச்சியில் ஒரு ஆள். வெயில் முகத்தில் அடிக்கிறது, உருவம் சரியாகத் தெரியவில்லை. ஏறிப் போனால் அங்கே மைல்ஸ் மட்டும் இருக்கிறான். அப்புறம் கண்ணாமூச்சி விளையாட்டில் பரண் அறைக்குப் போகிறாள். அங்கே ஒரு இசைப்பெட்டி, அதனுள் விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆணின் சிறிய படம். அது குவின்டின் படம். அதைப் பார்த்த பிறகுதான் கீழே திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் அந்த முகம் கிட்டே வருகிறது. அதன்பின் மிஸஸ் குரோஸிடம் அடையாளம் சொல்கிறாள். முகத்தை எங்கிருந்து எடுத்தாள் என்பதற்கு இப்போது பேயைத் தவிரவும் ஒரு விடை கிடைத்துவிட்டது. முதல் தடவை பார்க்கும்போது இது கண்ணில் படாது, பரணில் மைல்ஸ் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடிப்பதில் நம் கவனம் போய்விடும்.

12. அந்தப் பசங்க நல்லவங்களா, விஷமா?

ஃப்ளோரா வலைக்குள் சிலந்தி வண்ணத்துப்பூச்சியைத் தின்பதை அழகாக இருக்கிறது என்று ரசிக்கிறாள். மைல்ஸின் தலையணைக்கு அடியில் கழுத்து முறிந்த புறா கிடக்கிறது. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். பெரிய மனுஷன் மாதிரி குழைந்து பேசுவான். கிடன்ஸ் இதையெல்லாம் சேர்த்துவைத்து, உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்கிறாள்.

நான் இதையெல்லாம் வேறு மாதிரி பார்க்கிறேன். பெற்றவர்கள் இல்லை. சித்தப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. இவர்களிடம் பிரியமாக இருந்த இரண்டே பேரும் செத்துப்போனார்கள்; ஜெஸல் ஏரியில் விழுந்து செத்தாள், குவின்ட் குடிபோதையில் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து கிடந்ததை முதலில் பார்த்ததே மைல்ஸ்தான். அந்த இரண்டு பேரும் குழந்தைகள் பார்க்கக் கூடாததையெல்லாம் அவர்கள் கண்முன்னால் நடத்தினார்கள் என்று மிஸஸ் குரோஸ் திக்கித் திக்கிச் சொல்கிறார். இவ்வளவையும் பார்த்த குழந்தை கொஞ்சம் விசித்திரமாகப் பேசுவதற்குப் பேய் பிடிக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மைல்ஸ் தன் எஜமானனை உள்ளே வரச்சொல்லி ஒரு கவிதை ஒப்பிப்பான். அதைச் செத்தவனை அழைக்கும் மந்திரமாகவும் கேட்கலாம், துக்கம் அனுசரிக்க வழி தெரியாத பையனின் குரலாகவும் கேட்கலாம்.

13. சின்னப் பையன் அவளுக்கு முத்தம் கொடுக்கற சீன் சங்கடமா இருந்துச்சு. இதை எப்படி சென்சார்ல விட்டாங்க?

சங்கடப்படவே வைத்த காட்சி. படுக்கப்போகும் பையன் ‘குட்நைட்’ சொல்லிக் கொடுக்கும் முத்தம் குழந்தை முத்தமாக இல்லை, அவளும் உடனே விலகவில்லை. காமிரா அவள் முகத்திலேயே நிற்கிறது. பிரிட்டனில் படத்துக்கு ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைய கணக்கில் 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. நடித்த குழந்தைகளே தியேட்டருக்குள் போக முடியாது.

அந்தக் குழந்தைகளுக்கு முழுத் திரைக்கதையும் தரப்படவில்லை. அன்றன்றைக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் கொடுத்து, கதையின் இருண்ட பக்கம் தெரியாமல் பார்த்துக்கொண்டார் கிளேட்டன். மைல்ஸாக நடித்த மார்ட்டின் ஸ்டீவன்ஸ் பின்னாளில் நடிப்பை விட்டுவிட்டுக் கட்டடக்கலைஞரானார். ஃப்ளோராவாக வந்த பமேலா ஃப்ராங்க்ளினுக்கு இது முதல் படம்.

14. டெபோரா கெர்ருக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?

புத்தகத்துக் கவர்னஸுக்கு 20 வயது, பெயரே கிடையாது. டெபோரா கெர்ருக்கு அப்போது 40 நெருக்கம். என்னைக் கேட்டால் அதுதான் படத்தின் பலம். இருபது வயதுப் பெண் பயந்தால் அனுபவமில்லை என்று தள்ளிவிடலாம். நாற்பதை நெருங்குபவள், இத்தனை வருஷமும் தகப்பன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு முதன்முதலாக வெளியே வருகிறாள் என்றால் அதன் கனம் வேறு. குரலை உயர்த்தாமல், முதுகை வளைக்காமல், மரியாதை குறையாமல் உள்ளுக்குள் நொறுங்குகிற வேஷத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1947-ல் இமயமலையில் மடம் நடத்தும் கன்னியாஸ்திரியாக ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்தில் இதே நொறுங்கலைக் கொடுத்தவர்; அந்த இமயமலையே லண்டன் பக்கத்து ஸ்டூடியோவில் போட்டது.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். புத்தகத்தில் ஒரே ஒரு வரி: குழந்தைகளின் பெற்றோர் இந்தியாவில் இறந்துபோனார்கள்.

15. ஒரு சீன் முடியறதுக்குள்ள அடுத்த சீன் மேல வந்து விழுதே, அது பழைய பட ஸ்டைலா?

இல்லை, இந்தப் படத்தின் தனிக் குணம். ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவதற்கு டிசால்வ் என்பார்கள், சாதாரணமாக ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். எடிட்டர் ஜிம் கிளார்க் அதை இழுத்துக்கொண்டே போகிறார். கிடன்ஸ் தூங்கும் முகம், அதன்மேல் பிரார்த்திக்கும் கைகள், அதன்மேல் ஆடும் குழந்தை என்று மூன்று பிம்பங்கள் ஒரே நேரத்தில் திரையில் மிதக்கும். போன காட்சி போக மறுக்கிறது. செத்தவர்கள் போக மறுக்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான எடிட்டிங் கிடையாது. கிளார்க் பிறகு ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார்.

16. கிளேட்டன் வேற என்ன எடுத்தார்? ‘தி அதர்ஸ்’ இதைப் பார்த்து சுட்டதுதானே?

முழுநீளப் படமாக மொத்தமே ஏழுதான். டீ வாங்கிக் கொடுக்கும் பையனாக ஸ்டூடியோவுக்குள் வந்து படிப்படியாக ஏறியவர். 1956-ல் எடுத்த அரைமணி நேரப் படமான ‘தி பிஸ்போக் ஓவர்கோட்’ ஆஸ்கார் வாங்கியது. அதிலும் செத்த ஒருவன் திரும்பி வருகிறான். 1959-ல் ‘ரூம் அட் தி டாப்’ பெரிய வெற்றி. அதே மாதிரி இன்னொன்று எடுங்கள் என்று எல்லாரும் துரத்தியபோது அவர் எடுத்தது இது.

2001-ல் வந்த ‘தி அதர்ஸ்’ பார்த்தவர்களுக்கு வீடும் பனியும் இரண்டு பிள்ளைகளும் கட்டாயம் நினைவுக்கு வரும். சுட்டது என்று சொல்ல மாட்டேன், அதன் முடிச்சு முற்றிலும் வேறு. நெட்ஃப்ளிக்ஸில் 2020-ல் வந்த ‘தி ஹான்டிங் ஆஃப் ப்ளை மேனர்’ தொடருக்கு இதே குறுநாவல்தான் மூலம். 6-ஆம் கேள்வியின் பாட்டையும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

17. கடைசில மைல்ஸ் எப்படிச் செத்தான்? பேய் கொன்னுச்சா, அவ கொன்னாளா?

உடம்பில் காயமில்லை, அவள் கையில் சாய்ந்து நின்றுபோகிறான். முந்தைய நாள் ஃப்ளோராவை இதே மாதிரி நெருக்கி, ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்று உலுக்கியதில் அந்தக் குழந்தை வீறிட்டு அலறி, பிறகு வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் பேசிற்று. அவளை மிஸஸ் குரோஸோடு அனுப்பிவிட்டு, வேண்டுமென்றே மைல்ஸோடு தனியாக நின்றவள் கிடன்ஸ். குவின்டின் பெயரை மைல்ஸ் சொன்னால் விடுதலை என்று நம்புகிறாள். அவன் கத்திச் சொல்கிறான், எங்கே எங்கே என்று தேடுகிறான், விழுகிறான். அவள் குனிந்து அவன் உதட்டில் முத்தமிடுகிறாள். 13-ஆம் கேள்வியின் முத்தத்தை இப்போது இவள் திருப்பிக் கொடுக்கிறாள்.

பேய் இருந்ததா இல்லையா என்பதில் நீங்கள் எந்தக் கட்சியாகவும் இருங்கள். பையன் இறந்தது அவளுடைய கெடுபிடியில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குவின்ட் அவனைத் தொடவே இல்லை, பிடித்துக்கொண்டிருந்தவள் இவள். தொடக்கத்தில் அந்தக் கைகள் நெரியும்போது அவள் குரல் சொல்கிறது: குழந்தைகளைக் காப்பாற்றத்தான் நினைத்தேன், அழிக்க இல்லை. அது வேலைக்குப் போகுமுன் செய்த பிரார்த்தனை இல்லை, எல்லாம் முடிந்த பிறகு நடப்பது என்று எடுத்துக்கொண்டால் முழுப் படமும் அவள் தன் தரப்பைச் சொல்லும் வாக்குமூலமாகிவிடுகிறது. அப்படியானால் ஈரமும் முகமும் குரலும் எல்லாம் அவள் சொன்ன சாட்சி மட்டுமே.

18. வாக்குமூலம்னா, கடைசி சீன்ல குவின்ட் பக்கத்திலிருந்து மேலேருந்து ஒரு ஷாட் வருதே, அது யார் கண்ணு?

9-ஆம் பதிலில் கடைசிக்குத் தள்ளிய ஓட்டை இதுதான். தோட்டத்தில் வட்டமாக நிற்கும் சிலைகள். அவற்றுக்கு நடுவே சிலையாகவே நிற்கிறான் குவின்ட். திடீரென்று காமிரா அவன் பக்கம் போய்விடுகிறது: முன்னால் அவன் கை, கீழே சின்னதாக மைல்ஸும் கிடன்ஸும். அவள் இருக்கும் இடத்திலிருந்து இந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது. அவள் முகம் முதலில், பேய் பிறகு என்று அதுவரை காப்பாற்றிவந்த வரிசை இங்கே உடைகிறது.

பேய்க் கட்சிக்காரர்கள் இந்த ஒரு ஷாட்டை வைத்தே வழக்கை முடித்துவிடுவார்கள்: ஆளில்லாத இடத்தில் பார்வை எப்படி வரும்? எதிர்க்கட்சி சொல்வது, சொல்கிறவள் அவளே என்றால் தன்னை மேலிருந்து ஒருவன் பார்த்ததாகவும் அவளால் சொல்ல முடியும். நாம் ஒரு பழைய சங்கதியை நினைக்கும்போது நம்மையே வெளியிலிருந்து பார்க்கவில்லையா. எனக்கு இந்தப் பதில் முக்கால்வாசிதான் திருப்தி. கிளேட்டன் மாதிரி ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து வைக்கிறவர் இதைக் கைதவறி வைத்திருக்க வழியில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது அந்தக் கையை மட்டும் கவனியுங்கள், அது மைல்ஸை நோக்கி நீள்கிறதா, இல்லை சிலையின் கை போல வெறுமனே நிற்கிறதா என்று. எங்கள் குழுவில் இதற்கே இரண்டு கட்சி இருக்கிறது.